ஆறட்டும்

கடையில் பச்சை நிறத்தில் புத்தம் புதிதாய் ஒன்று.
இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.
மூவாயிரத்து நானூறு டாலர்,
வட்டியில்லாமல் நாற்பத்தெட்டு மாதத் தவணை
என்றான் விற்பனைப் பையன்.
நாற்பத்தெட்டு மாதம்!
நாற்பத்தெட்டு நாள் கழித்து
அந்த வீடு எனக்கா ராண்டலுக்கா என்பதே
ஜூலையில் வக்கீல் சொன்னால்தான் தெரியும்.

இரண்டு ஏக்கர் புல்லுக்கு
வக்கீலும் தெரியாது, ஜூலையும் தெரியாது.
மே மாத மழையில் முழங்காலைத் தொட்டுவிட்டது.
டவுன்ஷிப்காரர்கள் கதவிடுக்கில்
மஞ்சள் காகிதம் ஒன்றைச் செருகிப் போயிருந்தார்கள்:
எட்டு அங்குலத்தைத் தாண்டினால் அபராதம்.
இருந்த புல்வெட்டி வண்டியை
ராண்டல் போகிற போக்கில் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டான்.
அவன் இப்போது இருப்பது
சீடர் ரேபிட்ஸில், மூன்றாவது மாடியில்.

அதனால்தான் சனிக்கிழமை காலை
கஸ் ஹர்ட்லிச்காவின் கார்ப்பாதையில் நிற்கிறேன்.
பதினொரு கோடை பார்த்த சிவப்பு வண்டி. எண்ணூறு டாலர்.
"சாவியைத் தொட்டால் போதும் மார்லிஸ், கிளம்பிடும்."

தானமாய் வந்த மாடென்றால்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான்.
இது தானமில்லை.
சரளையில் மண்டியிட்டு அடியில் கைவிட்டேன்.
இரண்டு கத்திகளில் ஒன்று எப்போதோ கல்லைக் கடித்திருக்கிறது.
தகட்டின் ஓரத்தில் துரு தின்ற ஓட்டை,
என் சுண்டுவிரல் நுழைகிறது.
இருக்கை அவர் உடம்புக்குப் பள்ளமாகி
இடப்பக்கம் சாய்ந்து ஆடுகிறது.
ஓடிய மணிநேரம் நானூற்றுப் பன்னிரண்டு என்கிறது மீட்டர்;
எண்ணுவதை அது எந்த வருடம் நிறுத்தியதோ.

கடைசியாக
எஞ்சின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தேன்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி.
நான் வருமுன்னே யாரோ இதை எழுப்பி
முகம் கழுவி உட்காரவைத்திருக்கிறார்கள்.

"கொட்டகையிலிருந்து இப்பதான் ஓட்டிட்டு வந்தேன்."
கொட்டகை பத்தடி தூரத்தில் இருந்தது.

"ஆறட்டும்," என்றேன். "இருக்கிறேன்."

கவிழ்த்த வாளியின் மேல் நான்,
பிக்கப் வண்டியின் பின்பலகையில் அவர்.
முதல் அரைமணி நேரம் வானத்தைப் பற்றிப் பேசினோம்.
பிறகு அதுவும் தீர்ந்தது.
ஒரு சோடா டப்பாவை நீட்டினார்; வெதுவெதுப்பாக இருந்தது.
யாரையும் ஆறவிட்டுப் பார்த்ததில்லை நான்,
இந்த நாற்பத்தியேழு வயதுவரை.

"கார்புரேட்டர்," என்றார் திடீரென்று, ஷூவைப் பார்த்தபடி.
"குளிர்ந்திருந்தா முரண்டு பிடிக்கும்.
காலைல ரெண்டு பேர் வந்தாங்க.
யாரும் தொட்டுப் பாக்கல."

திறந்திருந்த கராஜுக்குள்
அதே கடையின் அதே பச்சை நின்றது.
"புதுசு எப்படி?"
"தெரியல இன்னும்," என்றார் கஸ்.
"பேச்சு நல்லாத்தான் இருக்கு.
ரெண்டு தடவை சர்வீஸுக்குப் போயிருக்கு."

ஒன்றரை மணி நேரம் ஆனது.
மூடி என் கையைவிடக் குளிர்ந்திருந்தது.
முதல் திருப்பலில் ஒரு டிக்.
இரண்டாவதில் இருமல்.
மூன்றாவதில் நீலப்புகை, அப்புறம் மௌனம்.
நாலாவதில் அது போட்ட சத்தத்தில்
வேலிக் குருவிகள் மொத்தமும் பக்கத்துச் சோளக்காட்டுக்குப் போயின.

"நாலு," என்றேன்.
"நாலு," என்று ஒப்புக்கொண்டார்.
அறுநூறு என்றேன். அறுநூற்றைம்பது,
ஒரு புது பெல்ட்டும் தருகிறேன் என்றார்.

பச்சை வண்டியிலும் ஒரு பொய் இருக்கும்,
அது எது என்று கண்டுபிடிக்க
தவணை கட்டிக்கொண்டே காத்திருக்க வேண்டும்.
இதன் பொய் நாலு திருப்பல் நீளம்.
அளந்து பார்த்தாயிற்று.

ஞாயிறன்று முக்கால் ஏக்கர் போனது,
கொடிக்கம்பத்தருகே நின்றுவிட்டது.
இறங்கினேன். ஆறட்டும்.
அந்த நேரத்தில்
மஞ்சள் காகிதத்தை நாலாய், எட்டாய் மடித்து
இருக்கையின் இடக்காலடியில் செருகினேன்.
இப்போது ஆடவில்லை.